ஐப்பசிக் காய்ச்சலும் நிலவேம்பும்: திருவள்ளூர் பக்கத்துப் பருவ மருத்துவக் கதை

புரட்டாசி கடைசியில் தொடங்கி கார்த்திகை முடியும் வரை எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டாக்டர், சீசன் மாறுது, உடம்பு அசதியா இருக்கு. ஆயுர்வேதம், யோகா ஏதாவது பண்ணலாமா? கஷாயம் குடிச்சா காய்ச்சல் வராதாமே?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களும் கேட்கிறார்கள், திருவள்ளூரில் பேரனை அழைத்துக்கொண்டு வரும் பாட்டிமார்களும் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதில் ஒரு பகுதி நம்ம மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எதை எடுத்துக்கலாம், எதை விடலாம் என்று உங்களுக்கே தெளிவாகும். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்போம்.

ஆயுர்வேதத்தில் பருவத்துக்கு ஏற்ற வாழ்க்கை முறைக்கு 'ருதுசரியை' என்று பெயர். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் 6-வது அத்தியாயமும், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திர ஸ்தானத்தில் 3-வது அத்தியாயமும் இதைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன சாப்பிடணும், எவ்வளவு உழைக்கணும், எப்படித் தூங்கணும் என்று சொல்கின்றன.

வாக்படர் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பருவத்தின் கடைசி 7 நாள், அடுத்த பருவத்தின் முதல் 7 நாள், ஆக 14 நாள். இதுதான் 'ருது சந்தி'. இந்த நாட்களில் பழைய பழக்கத்தைப் படிப்படியாக விட்டு, புதிய பழக்கத்துக்குப் படிப்படியாக மாறணும். சட்டென்று மாற்றினால் அதுவே நோயாகும் என்கிறார். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு எழுதினது. இன்னைக்கு வெயில்ல வேலை செய்றவங்களுக்கு நாங்க சொல்றதும் இதே மாதிரிதான். கோடை தொடங்கும்போது முதல் நாளே முழு ஷிப்ட் போடாதே, ஒண்ணு ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டு, உடம்பு வெப்பத்துக்குப் பழகட்டும். காரணம் வேற, அறிவுரை ஏறக்குறைய ஒண்ணு.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல்.

சரகரும் வாக்படரும் கண்ட மழை வேற, நாம பார்க்கிற மழை வேற.

அவர்கள் கணக்கில் மழைக்காலம் என்பது ஆவணி, புரட்டாசியை ஒட்டி வருவது. அதாவது தென்மேற்குப் பருவமழை. அது முடிந்ததும் வானம் தெளிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் 'சரத்' காலம். அப்போது பித்தம் பொங்கும், கசப்பு சாப்பிடு, பேதிக்கு எடு என்று நூல் சொல்கிறது. வட இந்தியாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

நம்ம பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அந்த 'தெளிந்த வானம்' எப்ப வருது? ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழையே. ஆண்டு மழையில் பாதிக்கும் மேலே அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துடும். வடக்கே சரத் காலம் என்று நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம்ம ஊரில் முழங்கால் தண்ணீர்.

தமிழ் மரபு இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் கார் முடிந்தால் தெளிந்த வானம் வராது, கூதிர்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர். குளிர்ந்த காற்றும் மழையும் சேர்ந்த காலம். சித்த மருத்துவர்களும் இந்தப் பகுப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். (ஆனா சித்திரை, வைகாசியை 'இளவேனில்' என்று சொல்வதைக் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் அக்னி நட்சத்திரத்தில் வேலை செய்கிறவரிடம் சொல்லிப் பாருங்க. என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும்.)

அதனால் இணையத்தில் "அக்டோபர் மாத ஆயுர்வேத டிப்ஸ்" என்று வருவதை அப்படியே நம்ம வீட்டில் செய்யாதீங்க. பாதிக்குப் பாதி வேற ஊர் வானத்தைப் பார்த்து எழுதினது. நமக்கு ஐப்பசியில் பொருந்துவது அவர்கள் மழைக்காலத்துக்குச் சொன்ன பகுதி. கொதிக்க வைத்த தண்ணீர் குடி, ஆற்று நீரைத் தவிர், செரிமானம் மந்தமாக இருக்கும் என்பதால் சூடாக எளிதாகச் சாப்பிடு, ஈரத் தரையில் படுக்காதே, துணிக்குப் புகை போட்டு உலர வை, பகலில் தூங்காதே. பகல் தூக்கத்தை விட்டால் மற்றதெல்லாம் எந்தப் பொது சுகாதார அதிகாரியும் கையெழுத்துப் போடக்கூடியவை. (இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலில் தாராளமாகத் தூங்கணும். வாக்படர் காலத்தில் இரவு ஷிப்ட் கிடையாது.)

இன்னொன்றையும் சொல்லிடறேன். இந்த நூல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பது கோடைப் பகுதியைப் படித்தால் புரியும். சந்தனம் பூசிக்கொண்டு, விசிறி வீச, நீர் தெளித்த குளிர்ந்த அறையில் பகலைக் கழித்து, இரவில் நிலா காயும் மாடியில் உறங்கச் சொல்கிறார். வசதியுள்ளவர் வீட்டு வாழ்க்கை. உழைப்பைக் குறை, வெயிலைத் தவிர் என்ற அறிவுரை சரியானதுதான். ஆனா அதைக் கடைப்பிடிக்கும் உரிமை உலை முன்னால் நிற்கிறவருக்கு இல்லை. அவருடைய ருதுசரியை என்று நான் சொல்வது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்ததை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீருக்கு ஏற்பாடு செய்யணும் என்று 18-வது பிரிவில் எழுதினார்கள். காற்றோட்டம், வெப்பநிலை பற்றி 13-வது பிரிவு பேசியது. கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் இவை. மூலிகைப் பானம் அதுக்கு மாற்று இல்லீங்க.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வருவோம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல்தான். ஆனா இங்கே நோயும் பருவமும் வழிபாடும் ஒன்றாகப் பின்னியிருப்பது ரொம்பப் பழசு.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு 'வைத்திய' வீரராகவர் என்றே பெயர். அமாவாசையன்று குளத்தில் நீராடி, வெல்லம் கரைப்பதும், உப்பும் மிளகும் காணிக்கை போடுவதும் வழக்கம். தை அமாவாசைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆடியில் பெரியபாளையம் பவானியம்மன். வேப்பிலை ஆடை, கூழ், மஞ்சள். அம்மை நோயின் நினைவு அந்தத் திருவிழா முழுக்கப் படிந்திருக்கிறது. பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975-ல். 1977-ல் அதிகாரபூர்வமாக ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நோய் போய்விட்டது, ஆடிக் கூழ் நின்றது. கேழ்வரகுக் கூழ் நல்ல உணவுதான், அது நிற்கட்டும்.

அம்மைத் தடுப்பூசி 1802-ல் சென்னைக்கு வந்தபோது மக்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அப்போது ஒரு வெள்ளைக்கார அதிகாரி செய்த வேலை சுவாரசியமானது. திருக்குறளை மொழிபெயர்க்க முனைந்தாரே, பிற்காலத்தில் சென்னைக் கலெக்டரான எல்லிஸ், அவரேதான். தடுப்பூசியைப் பற்றிப் புராணம் போல ஒரு கதை எழுதினார். தன்வந்தரியிடம் அம்மன் பேசுவதாகக் கதை. பசு தரும் பொருட்களோடு இந்த அம்மைப்பாலும் பசுவின் கொடைதான் என்று சொல்வதாக வரும். நல்ல நோக்கம்தான். ஆனா மக்கள் நம்பும் மருத்துவத்தின் பெயரைச் சொல்லி அரசாங்கம் தன் மருந்தை உள்ளே கொண்டுபோவது அன்றே ஆரம்பிச்சாச்சு. 200 ஆண்டு கழித்து இது தலைகீழாகத் திரும்பி வரும். பொறுங்க.

அதுக்கு முன்னாடி, அதாவது 1696 ஜூன் மாதம். நம்ம ஆனி.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று ஒரு சர்ஜன். கோட்டையிலிருந்து திருப்பதி வரை, சுமார் 70 மைல் தூரம், வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டு போகிறார். ஜூன் 15 முதல் 20 வரை. எந்தப் பாதையில் போயிருந்தாலும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைக் கடக்காமல் திருப்பதிக்குப் போக முடியாது. உலர்த்திய செடிகளை லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்காரருக்கு அனுப்பினார். செடியின் உள்ளூர்ப் பெயர், எதுக்குப் பயன்படும் என்ற விவரங்களோடு ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சானது.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெயர்களையும் பயன்களையும் அவருக்குச் சொன்னது யார்? நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள். அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. பிரவுன் பெயரும் பெட்டிவர் பெயரும் இருக்கு.

இந்தப் பிரவுனைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1693-ல் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் வீலர் என்பவருக்கு இவர் முத்துப் பொடி மருந்தாகக் கொடுத்தார். அதை அரைத்த கல்வத்தில் முன்னால் ஆர்செனிக் அரைத்திருந்தார்கள், சரியாகக் கழுவவில்லை. வீலர் இறந்துபோனார். விசாரணை நடந்து பிரவுன் விடுவிக்கப்பட்டார். மருந்து என்ன என்பது மட்டும் போதாது, அது எந்தக் கல்வத்தில் அரைபட்டது என்பதும் முக்கியம். இது ஆங்கில மருந்துக்கும் பொருந்தும், நாட்டு மருந்துக்கும் பொருந்தும். பின்னாடி இதுக்கு ஒரு காரணத்தோட திரும்பி வரேன்.

அடுத்த 100, 150 ஆண்டுகளில் ஆங்கில டாக்டர்கள் நம்ம மருந்துகளை ஆர்வமாகப் படித்தார்கள். சென்னைப் படையில் சர்ஜனாக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1813-ல் சென்னையிலேயே ஒரு பெரிய மருந்துப் பொருள் நூலை வெளியிட்டார். 1826-ல் அது லண்டனில் விரிவாக்கி வந்தது. கடைத்தெரு மருந்துகளுக்குத் தமிழ்ப் பெயர் கொடுத்திருக்கிறார், தமிழ் வைத்திய நூல்களையும் பட்டியல் போட்டிருக்கிறார். பிறகு 19-ம் நூற்றாண்டு போகப் போக அந்த ஆர்வம் வற்றி அலட்சியமாக மாறியது.

20-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு நேரடி மோதல் நடந்தது. 1918-ல் அரசு டாக்டர் கோமனை நியமித்தது. நாட்டு மருந்துகளைச் சென்னை பொது மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்றது. அவர் சில மருந்துகள் பயன் தருகின்றன என்றார். ஆனால் அடிப்படைக் கோட்பாடு காலாவதியானது என்ற தொனியில் எழுதினார். வைத்தியர்கள் கொதித்துப்போனார்கள்.

அந்தக் கொதிப்பின் விளைவாக 1921-ல், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு. செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி. இவர் மேல்நாட்டு மருத்துவம் படித்து ராணுவத்தில் இருந்தவர், ஆனால் நம்ம மருத்துவத்தில் ஆழ்ந்த பற்று உள்ளவர். கேள்விப் பட்டியல் அனுப்பி மாகாணம் முழுக்கப் பல மொழிகளில் வைத்தியர்கள், ஹக்கீம்கள் எழுதிய பதில்களைத் திரட்டினார்கள். 1923-ல் அறிக்கை. 1925-ல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ். சீனிவாசமூர்த்தியே முதல்வர்.

இந்த அறிக்கையை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிடக் கூடாது. அதில் ஒரு கடினமான உண்மை இருந்தது. ஆங்கில மருத்துவம் நகரத்தைத் தாண்டவில்லை. கிராமத்தில் காய்ச்சல் வந்தால் வைத்தியர்தான். அவரைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளாமல் மாகாணத்துக்கு மருத்துவம் கொடுக்க முடியாது. 1923-ல் அது சரியான வாதம். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லாத ஒன்றியம் கிடையாது. அதனால அதே வாதத்தை 100 வருஷம் கழிச்சு அப்படியே தூக்கிட்டு வர முடியாது.

அதன் பிறகான வரிசை உங்களில் பலருக்குத் தெரியும். 1964-ல் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி. 1970-ல் அரும்பாக்கம் மருத்துவமனை. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம்.

சரி, இப்ப கொசுவுக்கு வருவோம். இந்தக் கதையில் அதுதான் வில்லன்.

1779-ல் படாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. 1780-ல் பிலடெல்பியா. அதே 1780-ல் நம்ம சென்னை. மூட்டெல்லாம் முறிக்கிற காய்ச்சல். டெங்குவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தியாவில் டெங்கு போன்ற முதல் தொற்றாகக் குறிப்பிடுவது இந்தச் சென்னைக் காய்ச்சலைத்தான். கப்பல் தண்ணீர்ப் பீப்பாயில் கொசு ஊர் ஊராகப் போன காலம். (அந்தப் பழைய காய்ச்சல்களில் சில சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்றும் வாதம் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் யார் பிரித்துச் சொல்வது?) 1964-ல் சிக்குன்குனியா சென்னையை உலுக்கியது. பிறகு ரொம்ப வருஷம் காணாமல் போய் 2006-ல் திரும்பி வந்தது.

அப்போதுதான் நிலவேம்புக் குடிநீர் வீட்டுக்கு வீடு அறிமுகமானது.

அதில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்த்து ஒன்பது சரக்கு. சித்த மருத்துவத்தில் சுரத்துக்கான பழைய குடிநீர் இது. 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு 12,000 பேருக்கு மேல் தாக்கி 66 பேர் இறந்தபோது, அரசே நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்புச் சாறு கொடுக்கச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாத்திரம் வைத்து ஊற்றிக் கொடுத்தோம். பிறகு அரசியல் கட்சிகள், ரசிகர் மன்றங்கள், பள்ளிகள், தொழிற்சாலை வாசல்கள். எல்லா இடத்திலும் அண்டாவும் டம்ளரும்.

எல்லிஸ் ஞாபகம் இருக்கா? 1800-களில் தடுப்பூசியை விற்கத் தன்வந்தரியை அழைத்தார்கள். 2012-ல் ஆங்கில மருத்துவத் துறையே, மக்கள் பயத்தைத் தணிக்கக் கஷாயத்தை அழைத்தது.

2017 அக்டோபரில் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடியும் வரை தன் மன்றத்தினர் நிலவேம்பு வினியோகிக்க வேண்டாம் என்று ட்வீட் போட, பெரிய சண்டை. டிவி விவாதம், போலீஸ் புகார். அந்தச் சத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி காணாமல் போனது.

அந்தக் கேள்வி: நிலவேம்பு எதைச் செய்கிறது, எதைச் செய்யாது?

ஆய்வகத்தில், செல்களில் வைத்துச் சோதித்தபோது நிலவேம்புக் குடிநீரின் சாற்றுக்கு டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிரான செயல்பாடு தெரிந்தது. இது உண்மை, நல்ல செய்தி. ஆனா கண்ணாடிக் குடுவையில் வேலை செய்யும் நூற்றில் ஓரிரண்டுதான் மனித உடம்பில் மருந்தாகத் தேறும். டெங்கு வராமல் தடுக்கும், டெங்கு மரணத்தைக் குறைக்கும் என்று பெரிய அளவிலான முறையான மனித ஆய்வு எதுவும் நிறுவவில்லை. காய்ச்சல் நேரத்தில் கசப்பாக, சூடாக நீர்ச்சத்து போகிறது. ஆறுதலாக இருக்கிறது. இதுவரைதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

பிரச்சினை கஷாயத்தில் இல்லை. கஷாயம் குடிச்சாச்சு என்ற நிம்மதியில் இருக்கு.

டெங்குவில் ஆபத்து எப்ப வரும் தெரியுமா? காய்ச்சல் அடிக்கும்போது இல்லை. காய்ச்சல் விடும்போது. 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள் சூடு இறங்கும். வீட்டில் எல்லாரும் "அப்பாடா, கஷாயம் கேட்டுடுச்சு" என்பார்கள். அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும்.

ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி, 20 வயசு இருக்கும். ஒரே அறையில் எட்டுப் பேர். காய்ச்சல் வந்து நாலு நாள் அறையில் இருந்தவங்க வாங்கிக் கொடுத்த கஷாயப் பொடி. அஞ்சாம் நாள் காய்ச்சல் இல்லை, வயிறு மட்டும் விடாம வலிக்குதுன்னு ஷிப்டுக்குக் கிளம்பியிருக்கார். வாசலில் மயங்கி விழுந்துட்டார். நல்லவேளை, கூட இருந்தவங்க தூக்கிட்டு வந்துட்டாங்க, குளுக்கோஸ் ஏத்தி ரெண்டு நாளில் தேறிட்டார். அவர் லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் புரிஞ்சுக்கணும். 5 ரூபாய் கஷாயப் பொடி அவருக்கு மருந்து மட்டும் இல்லை, லீவு போடாம இருக்க ஒரு வழி.

அதனால் இந்தப் பருவத்தில் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கோங்க. காய்ச்சலோடோ, காய்ச்சல் விட்ட பிறகோ: விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லென்று ஆவது, எழுந்தால் தலை சுற்றல், குழந்தை துவண்டு கிடப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

அப்புறம் கொசு. ஸ்கிராப் யார்டில் கிடக்கும் டிரம், பழைய டயர், கூரை மேல் தார்ப்பாய் மடிப்பு, அறையில் மூடாத தண்ணீர்க் குடம். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஐப்பசி மழை பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்கு ஈடான மூலிகை எந்த நூலிலும் இல்லை.

யோகாவுக்கு வரேன். இதிலும் பருவம் இருக்கு, பலருக்குத் தெரியாது.

கேரண்ட சம்ஹிதை என்ற ஹடயோக நூல், கடும் கோடையிலும் மழையிலும் குளிரிலும் புதிதாகப் பயிற்சியைத் தொடங்காதே, வசந்தத்திலோ சரத்திலோ தொடங்கு என்கிறது. மிதமான பருவத்தில் ஆரம்பி, உடம்பு பழகட்டும் என்பதுதான் விஷயம். நாம என்ன பண்றோம்? ஜூன் 21 யோகா தினத்தில், ஆனி வெயிலில், மைதானத்தில் முதல் முறையாகத் தலைகீழாக நிற்க முயற்சி செய்றோம்.

இன்று நாம் பார்க்கும் யோகாவின் வடிவத்துக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மைசூர் அரண்மனையில் 1930-களில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் 1952-ல் சென்னைக்கு வந்தார், 1989-ல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். இளவயதில் மாணவர்களுக்கு அடுக்கடுக்காகக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர், சென்னைக் காலத்தில் நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயது, மூச்சு, வேலைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார். 1976-ல் மகன் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. எனக்கு இந்த இரண்டாவது கிருஷ்ணமாச்சாரியாரைத்தான் பிடிக்கும்.

சான்று எப்படி? நாள்பட்ட முதுகுவலி, மனப் பதற்றம், லேசான ரத்த அழுத்தம் ஆகியவற்றில் யோகா ஓரளவு உதவுகிறது. ஆஸ்துமாவுக்கு 2016-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் சின்ன முன்னேற்றம் இருக்கலாம் என்றது. சின்ன முன்னேற்றம்தான். பனிக்காலத்தில் ஆலைப் புகையும் பனியும் சேர்ந்து மூச்சு இழுக்கும் எங்க பக்கத்து ஆட்கள் பிராணாயாமம் செய்யட்டும், இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். மூச்சு வாங்கும்போது கபாலபாதி வேண்டவே வேண்டாம். மூக்கில் நீர் விட்டுக் கழுவும் ஜலநேதி செய்கிறவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டும் பயன்படுத்துங்க. குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது அரிது.

எண்ணெய்க் குளியல் பற்றி நிறையக் கேட்கிறீங்க. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி என்று சொல்கிறது. எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யுங்க, பனிக்காலத்தில் தோல் வறட்சிக்கு நல்லது. கைக்குழந்தைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றாதீங்க, நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். பேதிக்கும் வாந்திக்கும் வீட்டில் நீங்களே கொடுத்துக்காதீங்க. பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் நாடி பார்த்துக் கொடுப்பது வேற, யூடியூப் பார்த்துக் கொடுப்பது வேற. முதியவர்களும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் ஒரே பேதியில் ஐசியு வரைக்கும் வந்திருக்காங்க.

தீபாவளி லேகியம்? சாப்பிடுங்க. சர்க்கரை நோய் இருந்தால் ஒரு சின்ன உருண்டையோடு நிறுத்துங்க, அதில் வெல்லம்தான் அதிகம்.

இப்ப அந்தக் கல்வம். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. நம்ம பக்கம் இது இரட்டிப்பு முக்கியம். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கிற வேலை, உருக்கு வேலை செய்கிறவர் உடம்பில் ஏற்கெனவே ஈயம் சேர்ந்திருக்கலாம். அதுக்கு மேல சந்தையில் லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் வாங்கும் 'மூட்டுவலிப் பொடி' சேர்ந்தால் என்னாகும்? உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி இல்லாத எதையும் வாங்காதீங்க. அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் இலவசமாகவே கொடுக்கிறார்கள், அங்கே போங்க. எங்க வளாகத்தில் சித்த மருத்துவர் என் பக்கத்து அறைதான். நான் அவரிடம் அனுப்புவேன், அவர் என்னிடம் அனுப்புவார்.

கேள்விகளில் அடிக்கடி வருவதற்கு இங்கேயே பதில் சொல்லிடறேன். கர்ப்பிணிகள் நிலவேம்பு குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தினமும் மாதக்கணக்கில் குடிக்காதீங்க, இரண்டையுமே இறக்கும் தன்மை அதற்கு உண்டு. சீந்தில் கஷாயத்தை நாள்கணக்கில் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் முடியும் வரை கல்லீரல் நோய் உள்ளவர்கள் தள்ளியே இருங்க. காய்ச்சல் 2 நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. ஷிப்ட் முடிந்து இரவில் வந்தாலும் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் ஆள் இருப்பாங்க, இந்தி பேசறவங்களையும் தயங்காம அனுப்புங்க.